வலை விரிக்கும் இடம்

உன் மகன் மேசைமேல் வைத்துவிட்டுப் போன அட்டையில் இன்னும் நெத்திலிக் கருவாட்டு வாசனை அடிக்கிறது. சில மாதத்துக்கு முன்பு ரிட்டயராகிச் செங்கல்பட்டில் இந்த மாடி வீட்டுக்கு வந்தபிறகு நான் மீன் வாங்குவதே குறைந்துவிட்டது. நேற்றிலிருந்து ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன், வாசனை போகவில்லை. போகவேண்டாம் என்றும் இருக்கிறது. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அட்டையில் இருப்பது என் கையெழுத்து. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொன்று எடுப்போமே, இந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொன்னது என்று பைபிளில் செருகி வைத்துக்கொள்வோமே, அந்த வாக்குத்தத்த அட்டை. சதுரங்கப்பட்டினத்துச் சின்ன சபைக்கு அச்சடிக்க வசதி இல்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கிளார்க்காக இருந்த என் தலையில் அந்த வேலையைக் கட்டினார்கள். முத்து முத்தான கையெழுத்து என்று எனக்குப் பெயர். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

போதகர் கொடுத்த பட்டியலில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் முப்பத்தாறாம் அதிகாரம் என்றிருந்ததை இருபத்தாறு என்று படித்து, டீவி பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். முப்பத்தாறு ஆறுதல். இருபத்தாறு சாபம். கடலுக்கு நடுவே கப்பலும் சரக்குமாகக் கொழுத்துப்போன தீரு பட்டணத்துக்கு அவர் சொன்ன அழிவு அது. மதில் இடியும், மண்ணைக்கூடச் சுரண்டி எடுத்துவிடுவார்கள், வெறும் பாறைதான் மிஞ்சும், அது மீன்காரர்கள் வலை காயப்போடத்தான் ஆகும், திரும்ப அங்கே யாரும் கட்டமாட்டார்கள். இதில் "அது வலை விரிக்கிற இடமாய் இருக்கும்" என்ற துண்டை மட்டும் அழகாக எழுதி, ஓரத்தில் பூ வேறு போட்டிருக்கிறேன்.

வேறு யாருக்கு வந்திருந்தாலும் இது என்ன கூத்து என்று போதகரிடம் போய் நின்றிருப்பார்கள். மீன் கூடை சுமக்கிற உனக்கு வந்தது. எழுத்துத் தெரியாத நீ நேராக என்னிடம் வந்தாய்.

"இன்னா போட்டுகீது, படிமே."

படித்தேன். பாதியிலேயே தப்பு தெரிந்துவிட்டது. முடித்துவிட்டு நிமிர்ந்தால் உன் கண்ணில் தண்ணீர்.

"என் வூட்டுப் பின்னால வல காயறது அவருக்குத் தெரியுதுமே. பாத்துகினு கீறாரு."

தப்பாக எழுதிவிட்டேன், வேறு அட்டை எடு என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை என்று எனக்கே நான் பல வருஷம் கதை விட்டுக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மறுபாதி, சபையில் என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம்.

அந்த வருஷமே மாமல்லபுரம் பக்கத்து விடுதிக்காரர்கள் உன் வீட்டுப் பின்மனையைக் கேட்டு வந்தார்கள். உன் மகனுக்குக் கப்பல் வேலைக்குப் படிக்க இடம் கிடைத்திருந்தது. மனையைக் கொடுத்தால்தான் அவன் போகமுடியும். நீ அட்டையைக் காட்டினாய். ஒரு வருஷத்துக்குக் கொடுத்த வார்த்தையை ஆயுசுக்கும் எடுத்துக்கொண்டாய்.

"ஆண்டவரே எய்திக் குடுத்துட்டாரு. இது வல விரிக்கற எடம். வேற எதும் இங்க வராது."

அவன் சண்டை போட்டுப் பார்த்தான், பிறகு பேச்சை நிறுத்தினான். நீயும் நிறுத்தினாய். ஒரே கூரை, ஒரே சோத்துப்பானை, ஆறு வருஷம் பேச்சில்லை. அவன் எங்கள் டவுன்ஷிப்பில் புல் வெட்டும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். நீ என் குவார்ட்டர்ஸ் வாசலில் கூடையை இறக்கி வைத்து, "கேன்டீன் பக்கம் பாத்தியா அவன? சாப்ட்டானா?" என்று என்னிடம் விசாரிப்பாய். சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டு மீனைப் பொறுக்குவேன்.

ஒரே ஒருமுறை சொல்லிவிடும் இடம்வரை வந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், டச்சுக் கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம்.

"இத்தக் கட்னவன்லாம் எங்கமே போனான்?" என்றாய்.

தீரு என்று ஒரு பட்டணம் இருந்தது என்று ஆரம்பித்தேன். கப்பல்களைச் சொன்னேன், மதில் இடிந்ததைச் சொன்னேன், ஊரே வெறும் பாறையானதைச் சொன்னேன். வலை என்ற சொல்லை மட்டும் முழுங்கிவிட்டேன்.

"பாவம், அந்த ஊரு பொம்பளைங்க," என்றாய்.

நேற்று உன் மகன் வந்தான். விடுதிக்காரர்கள் மறுபடி கேட்கிறார்களாம். அட்டையை நீட்டினான்.

"ஆன்ட்டி, இது நீங்க எய்தினதுதான? வித்தா ஆண்டவருக்கு விரோதமாப் பூடுமா? பயமா கீது."

சொல்லிவிட்டேன். அதிகாரம் மாறியது, அது சாபம் என்பது, உன்னிடம் மறைத்தது, எல்லாம். திட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் அட்டையை மேசைமேல் வைத்தான்.

"எங்கம்மா செல்லுல மெமரி கார்டு போட்டு நாள் முச்சூடும் பைபிள் கேக்கும்," என்றான். "இந்தத் தீரு கத வந்தா மட்டும் டக்குனு ஆஃப் பண்ணிடும். ரெண்டு வருசமா அப்டித்தான். ஏன்னு நான் கேக்கல. நாங்கதான் பேசறதில்லியே."

அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கிறது. வலையோடு சேர்த்து முழுக் கதையும் கேட்டிருக்கிறாய். கோட்டையோரம் நான் எதை முழுங்கினேன் என்பதும் அதைக் கேட்ட அன்றைக்கே புரிந்திருக்கும். அதன்பிறகும் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் என் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுத்தாய். சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்மேல் இரக்கமா, கோபமா, மகனிடம் தோற்றுவிட்டோம் என்ற வெட்கமா? எதுவென்று தெரியாமல் நேற்றிலிருந்து மண்டை காய்கிறது. கேட்கலாம் என்றால் நீ இல்லை.

"முன்பே சொல்லியிருந்தால் அம்மா மனையை விற்றிருப்பாளா?" என்று அவனிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"விக்காது ஆன்ட்டி. ஆனா அது எனக்கும் அம்மாக்கும் நடக்கற சண்டையா இருந்திருக்கும். ரெண்டு நாள்ல பேசிருப்போம். ஆண்டவரு நடுவுல நின்னுட்டாரு. அவராண்ட நான் இன்னா பேசறது?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான். மனையை என்ன செய்யப்போகிறான் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நடுவில் நின்றது ஆண்டவர் இல்லை, நான். நீங்கள் இருவரும் பேசாமல் விட்ட ஆறு வருஷப் பேச்சும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதை யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.