நல்ல காலில் இரண்டு விரல்

மாசி 3, செவ்வாய்

வாடைக்காற்று அடங்கிவிட்டது. கடல் அசையாமல் கிடக்கிறது. ஓரா மீன் ஒரு கூடை, மணலை மீன் கொஞ்சம், நண்டு மூன்று. போன கிழமையைவிடக் குறைவு. இழுவைப் படகில் வந்து அள்ளுகிற றோலர்க்காரர் இருக்கும்வரை இப்படித்தான்.

இடுப்பு நோ. வள்ளத்தால் இறங்கும்போது இடது கால் மரத்துப்போனது. சூசை பிடித்தான். பிடிக்காதே என்று ஏசினேன். அடுத்த தரம் அவன் பிடிக்கவில்லை, அதற்கும் ஏசினேன். மனிசி றெஜினாவின் தம்பி என்றபடியால் ஏச்சு வாங்கியும் வேலைக்கு வருகிறான். வேறொருவன் என்றால் எப்போதோ போயிருப்பான்.

வியாழன் கிளினிக். செய்ய வேண்டியவை: எக்ஸ்ரே படம் தேடி எடுக்க. றெஜினாவின் மூக்குக்கண்ணாடிக்கு ஆணி. முதல் பஸ்.

மாசி 5, வியாழன்

கிளினிக்கில் நாற்பதாவது நம்பர். பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். எலும்பு டொக்டர் சின்னப் பெண். என் நெஞ்சளவு நிற்பார். நாடாவால் இரண்டு காலையும் அளந்தார். பிறகு இடது பாதத்துக்குக் கீழே பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார். நாலாவது துண்டில் இடுப்பு நேரானது. நோ போய்விட்டது. இரண்டு வருடத்தில் முதல் தரம். அழுகை வந்தது. வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று சமாளித்தேன்.

கடல் நடுவே போகிற தாம்போதித் தெருவில் வான் வண்டி அடித்து உடைந்த துடை எலும்பு, கட்டையாகப் பொருந்தியிருக்கிறதாம். நாலு செ.மீ., இரண்டு விரல் அகலம். இப்படியே விட்டால் முள்ளந்தண்டு கெட்டுப்போகும், மரப்பும் கூடும் என்றார்.

"கட்டைக் காலை நீட்டலாம் அண்ணை. வெளியாலை இரும்பு வளையம் பூட்டி ஒவ்வொரு நாளும் ஆணி திருப்ப வேணும். கன மாதம் செல்லும். உப்புத்தண்ணி படக்கூடாது. உங்கடை எலும்பு கிடக்கிற கிடைக்கு எனக்கு அதிலை விருப்பமில்லை. மற்ற வழி, நல்ல காலைக் குறைக்கிறது."

"நல்ல காலையோ?"

"ஓம். வலது துடையிலை நாலு சென்ரிமீற்றர் எலும்பை எடுத்துப்போட்டு, உள்ளுக்குக் கம்பி வைச்சுப் பொருத்தி விடுவம். ரண்டும் சமன். உயரம் கொஞ்சம் குறையும். உங்களுக்கென்ன, ஆறடி மூண்டு அங்குலம் இருக்கிறீங்கள்."

பக்கத்தில் நின்ற தாதி சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாது.

"எடுக்கிற துண்டை என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. கேட்க வேண்டியவை எல்லாம் பஸ் ஏறிய பிறகுதான் வந்தன. உடைந்த காலைத் திருத்தத்தானே போனேன்?

பஸ்ஸில் பின்னால் யாரோ: "நெட்டையருக்கு இடம் விடுங்கோ, கூரை முட்டுது."

மாசி 6, வெள்ளி

கடலுக்குப் போகவில்லை. கொப்பியில் கோடு பிரித்து எழுதிப் பார்த்தேன்.

வெட்டினால்: இடுப்பு நோகாது. றெஜினா ஒவ்வொரு நாளும் எண்ணெய் பூச வேண்டாம். ஒரு பக்கம் உயரம் வைத்துத் தைக்கிற, கடலுக்குள் உதவாத அரியண்டம் பிடித்த செருப்பு வேண்டாம்.

வெட்டாவிட்டால்: வலது கால் பழையபடி இருக்கும். வெளிக்களம்.

வெளிக்களம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். கரையிலிருந்து ஆகத் தூரத்தில் தடி நட்டு வலை கட்டுகிற இடம் எங்களுடையது. இந்தக் கரையில் கடலடி நிலத்தில் கால் ஊன்றி நட்டால்தான் களம். வள்ளத்தில் நின்று நட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பாவும் நெட்டை. அவர் நின்ற இடத்தில் மற்றவர்கள் தண்ணீருக்குள் தாண்டு போவார்கள். அதனால் அந்த இடத்துக்குச் சண்டை வந்ததே இல்லை. எனக்கு அங்கே கழுத்தளவு தண்ணீர். இரண்டு விரல் குறைந்தால் நாடியளவு. ஒரு சின்ன அலை வந்தால்?

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாணென்ன முழமென்ன என்பார்கள். சொன்னவன் களங்கட்டி நட்டவன் இல்லை. சாண் வேறு, முழம் வேறு. விரலும் வேறு.

றெஜினாவிடம் கதிரை உதாரணம் சொன்னேன். ஆடுகிற கதிரைக்கு நல்ல காலை அரிகிற வேலை இது என்று.

"போன வருசம் நீங்கள்தான் அரிஞ்சனீங்கள். மாறி மாறி நாலு காலையும். இப்ப அதிலை கோழிதான் குந்துது" என்றாள். "டொக்டர் உங்களைப்போல அரியமாட்டா."

பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டு: "ரண்டு விரல் எனக்குக் கிட்ட வருவீங்கள். நல்லதுதானே."

அவள் ஐந்தடி. இரண்டு விரலால் என்ன கிட்ட வரும்? ஆனாலும் அதை யோசித்துக்கொண்டு படுத்தேன்.

மாசி 8, ஞாயிறு

வெயில். பூசை முடிய தேவாலய வாசலில் ஆளுக்கொரு புத்தி. றெஜினா யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"உடைஞ்ச வேலி கிடக்க உடையாத வேலியைப் பிடுங்கிற கதை."

"வெளிநாட்டிலை சனம் காலை நீட்டுதாம். இவர் கட்டையாக்கப் போறார்."

"ஆழமறியாமல் காலை விடாதை அந்தோனி." இதைச் சொன்னவர் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காத மனிதர்.

சுவாமி: "செபிச்சுப்போட்டு முடிவெடும்." செபித்தேன். முடிவு ஒன்றும் வரவில்லை. தேங்காய் வாங்க மறந்து வீடு வந்தேன்.

மாசி 12, வியாழன்

காற்றில்லை. நல்ல வற்று. சூசை மகளின் பல்லைக் காட்ட யாழ்ப்பாணம் போய்விட்டான். தனிய வெளிக்களத்துக்குப் போனேன். எந்தக் காலில் நின்றால் எவ்வளவு தண்ணீர் என்று அளந்து பார்த்தால் குழப்பம் தீரும் என்று ஒரு எண்ணம்.

கடைசித் தடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வலது காலில் நின்றால் நெஞ்சளவு. இடது காலில் நின்றால் அதற்குக் கொஞ்சம் மேலே. கழுத்துக்குக் கிட்டவும் வரவில்லை. எவ்வளவு வற்றினாலும் இங்கே இப்படி வற்றாது. சேறு நிரவிவிட்டதோ? கடல் எங்கே போனது?

தடியை விட்டு வெளியே நடந்தேன். ஒரு பாகம், இரண்டு கையும் விரித்த நீளம். இரண்டு பாகம். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. மூன்றாவது பாகத்தில் பெருவிரலில் ஏதோ குத்தியது. முழுகித் தடவினேன். முறிந்த தடியின் அடிக்கட்டை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. நாங்கள் நடுகிற அதே வளைவில் வரிசையாக.

என்னுடைய களம் இங்கேதான் இருந்தது. இப்போது நிற்கிற தடிகள் கரைப்பக்கமாக மூன்று பாகம் உள்ளே.

கால் உடைந்த பிறகு நான் வள்ளத்தில் நின்று வலை இழுப்பேன், கடைசித் தடிப் பக்கம் சூசை இறங்குவான். அவன் கட்டையன். என் கழுத்தளவுத் தண்ணீரில் அவன் எப்படி நிற்கிறான் என்று இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது யோசித்தேனா? நீந்திக்கொண்டு செய்கிறான் என்று நினைத்தேன். நினைக்கவேயில்லை என்று எழுதுவதுதான் சரி.

விடவில்லை. வள்ளத்தில் கிடந்த தடி ஒன்றை எடுத்துவந்து பழைய இடத்தில் ஊன்றப் பார்த்தேன். வலது காலில் நின்றால் நாடி வெளியே. ஆனால் தடியை அமத்த மற்றக் காலும் ஊன்ற வேண்டும். ஊன்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. தலை தண்ணீருக்குள் போனது. எங்கே மேல், எங்கே கீழ் என்று தெரியவில்லை. தடி மிதந்து போனது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருமினேன்.

பயந்தேன். இந்தக் கொப்பியை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பயந்துபோனேன்.

வீட்டில் சொல்லவில்லை. சோறு, ஓராக் குழம்பு. இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மாசி 13, வெள்ளி

சூசை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நேரே கேட்டேன். அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கைதான் அத்தான். நட ஆளில்லை. நான் நிண்டு நடக்கூடிய இடத்திலை நட்டனான்."

"நான் வந்த பிறகு ஏன் சொல்லேல்லை?"

"அக்கா சொல்ல வேண்டாமெண்டவ."

குசினிக்குப் போனேன். றெஜினா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கத்தியை வைத்தாள்.

"சொன்னா நொண்டி நொண்டிப் பழைய இடத்திலை போய் நிப்பீங்கள். எனக்குக் களம் வேண்டாம். ஆள் வேணும்."

நேற்று நான் போய் நின்றதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்து சூசையிடம்: "கரையிலை ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். வெளியிலை அந்த இடம் சும்மாதான் கிடக்குது. ஆருக்கும் ஏலாது, ஆழம்."

மீன்பிடிச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று கத்தியது நினைவு வந்தது. றோலர்க்காரரால்தான் என் களத்தில் மீன் குறைந்தது என்று கையை ஆட்டி ஆட்டி. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயந்து என்று நினைத்தேன். றோலர்க்காரர் செய்வதும் அநியாயம்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் மூன்று பாகத்தை அவர்கள் எடுக்கவில்லை.

"கோபம்" என்று எழுதி வெட்டினேன். "நன்றி" என்று எழுதி அதையும் வெட்டினேன். வெட்கம் என்று எழுதலாம். அது நிற்கட்டும்.

மாசி 18, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு கரைக்குப் போனேன். ஒருசந்தி, பசி. ஐந்து நாளாக இதே யோசனை.

அந்த இடத்துக்காகத்தான் இரண்டு விரலை விடமாட்டேன் என்றேன். அந்த இடத்தில் இரண்டு வருடமாக நான் இல்லை. வெட்டினால் இனி அங்கே போக ஏலாது. வெட்டாவிட்டாலும் ஏலாது, போன வியாழன் கண்டுகொண்டேன். வித்தியாசம் ஒன்றுதான். வெட்டாதவரை போகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்புக்கு எவ்வளவு பெறுமதி? எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

சூசையிடம் கேட்டேன். வேறு ஆளில்லை.

"ரண்டு காலும் சமனா நிண்டால், உன்ரை தடியடியிலை எனக்கு எவ்வளவு தண்ணி வரும்?"

என்னை மேலும் கீழும் பார்த்தான். "நெஞ்சுக்கு வரும். கதைச்சுக் கதைச்சு நடலாம் அத்தான்."

"உனக்கு?"

"எனக்கு வாய்க்குக் கிட்ட. நான் கதைக்கிறேல்லை."

இரண்டு வருடம் வாயளவு தண்ணீரில் நின்றிருக்கிறான். அதற்குள் நான் வள்ளத்தில் இருந்து ஏச்சு வேறு.

வீட்டுக்கு வந்து போனை றெஜினாவிடம் நீட்டினேன். கிளினிக்குக்கு எடுத்து ஓம் என்று சொல்லும் என்றேன். நானே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் எடுத்து, எழுந்து நின்று, பூசையில் பதில் சொல்வது போலக் கதைத்தாள்.

பங்குனி 9, திங்கள்

வார்ட். மேலே மின்விசிறி, ஓடுகிறது, காற்று இல்லை. கட்டில் கட்டை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கதிரையை வைத்து அதில் தலையணை போட்டுத் தந்தார்கள்.

கொண்டுவந்தவை: சாரம் 3, துவாய் 2, சுடுதண்ணிப் போத்தல், செபமாலை, இந்தக் கொப்பி. மறந்தது: பற்பொடி.

உயரம் அளந்தார்கள். 190. நாளைக்கு 186. ஆறு கிழமை ஊன்றுகோல். கடலுக்கு இறங்க ஆவணி புரட்டாதி ஆகும் என்கிறார் டொக்டர். அதுவரை சூசை தனிய. அவனுக்கு உதவிக்கு ஆள் பிடித்தாயிற்று, நெட்டை ஆளில்லை.

குளிக்கும்போது வலது காலைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தேய்த்தேன். ஒரு பிழையும் செய்யாத கால். மற்றது உடைந்த நாளிலிருந்து முழுப் பாரத்தையும் தாங்கியது இதுதான். இதற்கு நாளைக்கு இப்படி. மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தேன், குளியலறைக்கு வெளியே ஆள் நின்றது.

பின்னேரம் டொக்டர் வந்தார். வலது துடையில் நீலப் பேனையால் பெரிதாக ஒரு அம்புக்குறி போட்டார். "பயப்படாதேங்கோ அண்ணை" என்றுவிட்டுப் போனார்.

பக்கத்துக் கட்டிலில் கை உடைந்த ஒருவர், வேலணை ஆள். காலையிலிருந்து நான் நொண்டிக்கொண்டு போய்வருவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர். மெதுவாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உமக்கு ஏலாதது இடது கால் எல்லோ?"

"ஓம்."

"அவ மாறிப் போட்டிட்டா. கெதியாச் சொல்லும். நாளைக்கு நல்ல காலை வெட்டிப்போடுவினம்."

"இல்லை ஐயா. இந்தக் கால்தான்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலை. பிறகு என் கட்டிலடியில் நின்ற றெஜினாவை. றெஜினா ஓம் என்று தலையாட்டினாள். நான் விளங்கப்படுத்தத் தொடங்கி, எலும்பு எடுக்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் நம்பவில்லை. தாதியைக் கூப்பிட மற்றக் கையைத் தூக்கினார். எழும்பிப் போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

"பிழையில்லை ஐயா, சரியாத்தான் போட்டிருக்கிறா" என்றேன்.

வந்து படுத்து, சாரத்தை விலக்கி, எந்தக் காலில் போட்டிருக்கிறது என்று நானும் ஒரு தரம் பார்த்தேன்.