கறுப்புப் பட்டைக்குக் கீழே

மார்ச் 4, திங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் என் வேலை, ஃப்ரேமை முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்துச் சரிசெய்வது. ஒரு சாண் தூரத்தில் இன்னொருவர் முகத்துக்கு நேராக நின்றாக வேண்டும். இன்று வந்த பெரியவர் எதிரே இருந்த நிலைக்கண்ணாடியைப் பார்க்கவேயில்லை. என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு மருந்து எதுவும் போடலியாம்மா?" என்று கேட்டார். கண் தெரியவில்லை என்று வந்தவருக்கு அது மட்டும் பளிச்சென்று தெரிந்திருக்கிறது.

இருபத்தெட்டு வயது. பதினைந்தில் வந்த பரு இன்னும் போன பாடில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லி அழுதேன். அவள் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அத்தானை விட்டு வந்த பிறகு வீட்டின் முன்னறையிலேயே பார்லர் நடத்துகிறாள். "என் ஃபேஷியல் எல்லாம் இதுக்கு ஆகாது பாப்பா. நல்ல தோல் டாக்டரைப் போய்ப் பாரு" என்றாள். வியாபாரத்தை மறந்து உண்மையைச் சொல்ல அவளால்தான் முடியும்.

மார்ச் 9, சனி

டாக்டரம்மா என் முகத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெட்டினாய்டு ஜெல் எழுதிக் கொடுத்தார். சின்ன ட்யூப். தூங்கப்போகும் முன் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு, முகம் முழுக்க. பருவின் மேல் மட்டும் வைக்கக் கூடாது. பகலில் சன்ஸ்க்ரீன் இல்லாமல் வெளியே போகக் கூடாது. கர்ப்பம் என்று சந்தேகம் வந்தாலே நிறுத்திவிட வேண்டும்.

"மூணு மாசம் ஆகும். முதல் மாசம் இன்னும் மோசமாகும், என்னைத் திட்டுவீங்க. திட்டிக்கிட்டே போடுங்க" என்றார்.

மார்ச் 10, ஞாயிறு

அக்கா என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து போனில் படம் எடுத்தாள். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். "தினமும் கண்ணாடி பார்த்தா மாற்றம் தெரியாதுடி. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு எடுப்போம். நான் மட்டுந்தான் பார்ப்பேன், போதுமா?"

போதும்.

மார்ச் 26, செவ்வாய்

வாயோரம் செதில் செதிலாக உரிகிறது. சிரித்தால் எரிகிறது. நெற்றியில் புதிதாக ஏழு. கடைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போகிறேன். சளி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டாக்டரம்மாவைத் திட்டினேன். போட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ட்யூபைக் குப்பைக் கூடையில் போட்டேன். அக்கா அதை எடுத்துத் துடைத்து என் தலையணை மேல் வைத்தாள். "இவ்வளவு தாண்டி வந்துட்டு இப்பவா விடுவ? இரண்டு நாளைக்கு ஒரு தடவை போடலாமான்னு கேளு." ஆஸ்பத்திரிக்கு அவளே போன் போட்டுக் கேட்டாள். போடலாமாம். முதலில் மாய்ஸ்ச்சரைசர் தடவி, அதற்கு மேல் போட்டால் எரிச்சல் குறையுமாம்.

ஐந்தாவது படம் எடுக்கும்போது என் கன்னத்தைப் பார்த்து அவளுக்கே கண் கலங்கிவிட்டது. அம்மா ஊரில் அண்ணனோடு இருக்கிறாள். எனக்கு இங்கே அம்மா இவள்தான்.

மே 5, ஞாயிறு

இந்த வாரம் புதுப் பரு ஒன்றுகூட இல்லை. சத்தமாகச் சொல்லப் பயம். அதனால் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

பதினான்காவது படம். தாடை வெறும் தாடையாக இருக்கிறது. வடு இரண்டு மூன்று உண்டு, அது இருந்துவிட்டுப் போகட்டும். இடது தாடையில் உள்ள மச்சம் இத்தனை வருஷம் கூட்டத்தில் காணாமல் போயிருந்தது. இப்போது தனியாகத் தெரிகிறது.

அக்கா முதல் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்து, எனக்கும் அனுப்பிவிட்டு, வெகுநேரம் பார்த்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல.

பார்லரில் புதிதாக ஏதோ மூலிகை க்ரீம் விற்கப்போகிறாளாம். மொத்தமாக வாங்கிச் சின்ன டப்பாக்களில் அடைக்கிறாள். சாயங்காலம் முழுக்க நான்தான் லேபிள் ஒட்டிக் கொடுத்தேன். நாற்பது டப்பா. பாட்டுப் பாடிக்கொண்டே ஒட்டினோம்.

ஜூலை 4, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் ஒரு காலேஜ் பெண் வந்தாள். பத்தொன்பது இருக்கும். எந்த ஃப்ரேமைப் போட்டாலும் "ஸ்ஸ்" என்கிறாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று, தோல் பாலிதீன் மாதிரி மினுங்குகிறது. ஃப்ரேமின் விளிம்பு பட்டாலே எரிகிறதாம். என்ன ஆச்சும்மா என்றேன்.

"க்ரீம் போட்டேங்க்கா. முதல் பத்து நாள் சூப்பரா வெள்ளையா ஆச்சு. ஒரு நாள் நிறுத்தினேன், இப்படி ஆயிடுச்சு. திரும்பப் போட்டா அடங்குது, விட்டா எரியுது."

எந்த க்ரீம்? போனை எடுத்துக் காட்டினாள். இன்ஸ்டாகிராமில் அக்கா பார்லரின் பெயர். டப்பா. நான் ஒட்டிய லேபிள். மேலே இரண்டு முகம், 'முன்', 'பின்'. கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. பட்டைக்குக் கீழே ஒன்றில் தாடை முழுக்கப் பரு, மற்றதில் இடது தாடையில் தனியாக மச்சம்.

நான். நான்தான்.

"இவங்க யாருன்னு தெரியாதுக்கா. ஆனா இவங்க முகத்தைப் பார்த்துதான் நம்பி வாங்கினேன். நிஜ முகம் மாதிரி இருந்துச்சு" என்றாள்.

பழக்கதோஷத்தில் மாஸ்க் போட்டிருந்தேன். கழற்றினேன். அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான். ஆனா அந்த க்ரீமை நான் தொட்டதே இல்ல. டாக்டர் கொடுத்த ஜெல்தான் போட்டேன்."

அவள் அழவில்லை. "அப்ப ஏங்க்கா படம் கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். என்னத்தைச் சொல்றது. கொடுக்கலைன்னு சொன்னா அடுத்த கேள்வி யார் எடுத்தாங்கன்னுதானே.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அக்கா ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் போகும்வரை காத்திருந்தேன்.

"கண்ணை மறைச்சிட்டேன்ல? யாருக்குத் தெரியும் நீதான்னு?"

"எனக்குத் தெரியும்க்கா."

"மூணு மாசம் உன் பின்னாடி அலைஞ்சது யாரு? குப்பைல கிடந்த ட்யூபை எடுத்தது யாரு? உன் முகத்துல எனக்கு இந்த உரிமைகூட இல்லையா?"

காலேஜ் பெண்ணின் கன்னத்தைச் சொன்னேன். "எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்காது" என்று புருவம் திருத்தும் நூலைச் சுற்றி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அன்றைக்குக் கலங்கினாளே, அந்தக் கண்ணீர்? அது எனக்கா? அப்போதே விளம்பரம் மனசில் இருந்ததா? ஐந்தாவது படத்திலேயேவா? இல்லை, ஜூன் மாதம்தான் தோன்றியிருக்கும். அப்படித்தான் இருக்கணும். அப்படி இல்லேன்னா நான் என்ன பண்றது.

ஜூலை 5, வெள்ளி

அம்மா போன் பண்ணினாள். அக்கா முந்திக்கொண்டு அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறாள். "அவ தனியா நின்னு பிழைக்கிறா. ஒரு போட்டோதானே, விட்டுக் கொடேன். உன்னைத் தூக்கி வளர்த்தவடி" என்றாள் அம்மா.

தூக்கி வளர்த்தவள்தான். அதனால்தானே முகத்தைக் காட்டினேன்.

ஜூலை 8, திங்கள்

காலேஜ் பெண்ணை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு நினைக்கிறேன். பரிசோதனைக்கு அனுப்பறேன். முகம் பழையபடி ஆகப் பல மாசம் ஆகும்மா" என்றார். அதற்குத்தான் அவள் அழுதாள். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். படத்தை எடுத்துவிடு, டப்பாவை நிறுத்திவிடு, வாங்கியவர்களிடம் சொல்லிவிடு. "பார்க்கலாம்" என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

ஆறு நாள் பார்த்தேன். படம் அப்படியே இருக்கிறது. கீழே இன்னும் பதினொரு பேர் 'எனக்கும் வேணும்' என்று எழுதியிருக்கிறார்கள்.

அதே இரண்டு படங்களை, பட்டை இல்லாமல், என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டேன். கண்ணோடு. பதின்மூன்று வருஷமாக மறைத்த முகத்தை நானே ஊருக்குக் காட்டினேன். எழுதியது இவ்வளவுதான்: 'இது நான். இந்த மாற்றம் டாக்டர் எழுதிக் கொடுத்த ஜெல்லால் வந்தது, மூன்று மாதம் ஆனது. விளம்பரத்தில் வரும் க்ரீமை நான் போட்டதில்லை. அதைப் போட்டிருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.'

அக்கா என்ற வார்த்தையை எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்காகத்தான் செய்தேனா? கொஞ்சம் எனக்காகவும்தான். பொத்தானை அழுத்தும்போது மனசு ஆறியது. அதை மறைக்கக் கூடாது, இங்கேயாவது.

கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா அலமாரியைச் சாத்தும் சத்தம் கேட்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

கூட வேலை செய்பவளின் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டேன். ஒரு பெட்டி, ஒரு பை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அம்மா சொல்லித்தான் தெரியும். பரிசோதனையில் ஸ்டீராய்டு உறுதியான அன்றே அக்கா படத்தை எடுத்துவிட்டாளாம், டப்பாக்களையும் கொட்டிவிட்டாளாம். கேட்பவர்களிடம் 'ஸ்டாக் இல்ல' என்கிறாளாம். தப்பு என்று இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பார்லருக்குப் பாதிப் பேர் வருவதில்லையாம். "திருப்திதானே உனக்கு?" என்றாள் அம்மா.

திருப்தியாக இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

பதினொரு மணிக்கு அக்கா கடைக்கு வந்தாள். பார்லர் இருக்கும் தெருவிலேயே இரண்டு கண்ணாடிக் கடை உண்டு.

முதலாளி உள்ளே கூட்டிப்போய்ப் பரிசோதித்தார். "கிட்டத்துல இருக்கிறது மங்கலாத் தெரியுது. நாற்பது நெருங்குதுல்ல, சகஜம்தான்" என்று சீட்டு எழுதி என் மேஜைக்கு அனுப்பினார். அவருக்கு எங்கள் கதை தெரியாது. புருவ முடி சரியாகத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

முதலில் எடுத்துக் காட்டிய ஃப்ரேமையே போதும் என்றாள். மாட்டினேன். காதோரம் நரை நிறைய வந்திருந்தது. சாயம் பூச மறந்தாளா, மனசில்லையா? குனிந்து வளைவைச் சரிசெய்தேன். ஒரு சாண் தூரம்.

"முகம் நல்லா இருக்கு" என்றாள், மெதுவாக.

வேறு ஏதாவது சொல்வாள் என்று கையை எடுக்காமல் நின்றேன். சொல்லவில்லை.

"காதுக்குப் பின்னாடி அழுத்துதா? சொல்லுங்க" என்றேன். 'சொல்லுங்க.' வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

அக்கா கண்ணாடி வழியாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மடியில் இருந்த பையைப் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றாள்.