வெள்ளையனுக்காக ஏலம் போன கோழி

டிரைவர் சீட்டிலிருந்து சொல்லாமல் இறங்கிப் போய்விட்ட என் ஆரோக்கியம் அண்ணனுக்கு,

நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்க மாட்டேன். கேட்டாலும் "எனக்கு இன்னாடா கொறச்சல்" என்றுதான் சொல்வீர்கள், நான் அதை நம்பவும் மாட்டேன். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கச்சிராயபாளையம் வரை வண்டியை ஓட்டி வந்து, ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருகிவிட்டுச் சாய்ந்தவர்தானே நீங்கள்? உங்கள் பேச்சை இனி எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வண்டி ஓடுகிறது. காலையில் கள்ளக்குறிச்சியில் எடுத்து, மலையேறி, கரியாலூரில் திருப்பிக்கொண்டு வருகிறோம். உங்கள் சீட்டில் பாபு என்று ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனுஷன் என்கிறார்கள். சொல்கிறவர்கள் யார், அவர்களுக்கு இதில் என்ன லாபம் என்று நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

என் புத்தி உங்களுக்குத் தெரியாததா? கண்டக்டர் வேலையில் எல்லோர் முகத்திலும் டிக்கெட் எடுக்காத களை தெரிகிறது. அதற்குத்தான் நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். நம்பலாம் என்றால் முன்கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்ப்பீர்கள். கூடாது என்றால் ஆளில்லாத ரோட்டில் ஒரு ஆரன் அடிப்பீர்கள். இப்போது அந்தப் பார்வையும் இல்லை, ஆரனும் இல்லை. யாரை நம்புவது என்று தெரியாமல் ஒரே மாதிரி எல்லோரையும் சந்தேகப்படுகிறேன்.

நம்ம வெள்ளையன் அண்ணனையே சந்தேகப்பட்டேன் என்றால் பாருங்கள். கரியாலூர் திருப்பத்தில் நமக்கு இத்தனை வருஷமாக டீ ஆற்றிக் கொடுத்த மனுஷன், திடீரென்று கை மடங்கவில்லை, கடையை மகள் பார்த்துக்கொள்கிறாள் என்றார். கடன்காரனுக்குப் பயந்து படுத்துக்கொண்டாரோ என்று எனக்கு ஒரு எண்ணம். டீக்காசை அவர் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தேன், வேண்டுமென்றே. அவரால் அந்த நாணயத்தை விரலால் எடுக்க முடியவில்லை. உள்ளங்கையால் மெல்லத் தள்ளித் தள்ளி, மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து, மடியில் விழவைத்தார். அன்றைக்கு டீ எனக்கு இறங்கவில்லை, அண்ணே.

முடக்குவாதம். பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர், ஊசி போட்டால் கை திரும்பும், போடாமல் விட்டால் விரல்கள் அப்படியே கோணிக்கொள்ளும் என்றாராம். ஊசி ஒன்று இரண்டு இல்லை, மாதாமாதம் போட வேண்டும். காப்பீட்டு அட்டையை நீட்டினால், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் செல்லும், ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகிற வைத்தியத்துக்குச் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நடக்கிற நோயாளிக்கு அட்டை இல்லையாம். இது என்ன நியாயம்? நீங்கள் இருந்தால் யாரைப் போய்க் கேட்டிருப்பீர்கள்?

நான் வண்டியில் உண்டியல் வைத்தேன். ஒரு பால்பவுடர் டப்பா. மூடியை ஈயம் வைத்து ஒட்டி, கம்பி சுற்றி, பூட்டும் போட்டு, படிக்கட்டுக் கம்பியில் சங்கிலியால் கட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் எடுத்து ஆட்டிப் பார்ப்பேன். "அதுல போடறதுக்கே பயமா கீதுப்பா, திருடன்னு புடிச்சிக்குவ போல" என்றாள் ஒரு அம்மா. டப்பா நிறையவில்லை. நிறையாததற்கும் பாபுவைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்போதுதான் உங்கள் வீட்டிலிருந்து மேரி அண்ணி ஃபோனில் கூப்பிட்டார்கள். "தம்பி, எங்க கோயில் திருவிழா ஏலத்துல வெள்ளையன் அண்ணன் பேர்ல ஒரு கோழி வுடறோம். ஃபாதர் சரின்னுட்டாரு. உங்க அண்ணனுக்குச் சிநேகிதர்னா நமக்கும் சொந்தந்தான. நீயும் வந்துடு." உங்கள் சிநேகிதரை அண்ணி மறக்கவில்லை.

மூங்கில்துறைப்பட்டுக்குப் போனேன். பந்தலில் பூசணி, வாழைத்தார், கரும்புக் கட்டு, நடுவில் நம் கோழி. வெள்ளைச்சட்டை, தடித்த சங்கிலி போட்ட ஒருவர் விலையை ஏற்றிக் கேட்டு எடுத்தார். எடுத்தவர் கோழியைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டார். மறுபடி ஏலம். வேறொருவர் எடுத்தார், அவரும் வைத்துவிட்டார். மறுபடியும் அதே கோழி, அதே சங்கிலிக்காரர். எனக்குப் புரிந்துபோயிற்று. இவர்கள் கூட்டுச் சேர்ந்து ஏதோ விளையாடுகிறார்கள், பேர் வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் நழுவப் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஆத்திரத்தில் அந்த மாதச் சம்பளத்தில் பாதியைச் சொல்லிக் கோழியை எடுத்தேன். கையில் இருந்ததைக் கொடுத்து, மீதிக்கு அண்ணியிடம் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, கோழியை இடுக்கிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். பின்னால் மைக் அமைதியாகிவிட்டது. மூக்கறுத்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை.

மறுநாள் அண்ணி ஃபோன்.

"கோழிய இன்னா பண்ண தம்பி?"

"வூட்லதான் கீது அண்ணி. பத்திரமா."

"எடுத்தவங்க திருப்பி வெக்கறதுதான் எங்க வழக்கம். ஒரே கோழி ஊரையே சுத்தி வரும், காசு சேந்துக்கினே இருக்கும். நீ தூக்கினு போயிட்ட. ஃபாதர் மைக்கப் புடிச்சிக்கினு நின்னாரு பாவம்."

"யாரும் எனக்குச் சொல்லலியே அண்ணி."

"அவரு இருந்திருந்தா உன் காதுல சொல்லியிருப்பாரு."

நீங்கள் ஏன் இல்லை, அண்ணே? உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். சொல்லிவிட்டேன்.

டப்பாவும் ஏலமும் சேர்ந்து முதல் ஊசி போட்டாகிவிட்டது. அடுத்த ஊசிக்கு வழியில்லை. நான் கெடுத்ததை நான்தானே சரி செய்ய வேண்டும்? கோழியைக் கூடையில் போட்டு வண்டியில் ஏற்றினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் நடுவில் நின்று விஷயத்தைச் சொல்லி, ஏலம் ஆரம்பித்தேன். எடுக்கிறவர்கள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னேன்.

கடைசி சீட்டில் ஒரு கடலை வியாபாரி எழுந்தார். "ஒரே கோழிய எத்தினி பேருக்கு விப்ப? காசு எங்க போவுதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டது என் வாயிலிருந்து வர வேண்டிய கேள்வி. "நம்பாதீங்க" என்றேன். "கரியாலூர்ல எறங்கி அந்த மனுஷன் கையப் பாருங்க. பாத்துட்டுத் திரும்பி வர்றப்ப கேளுங்க." இறங்கிப் பார்த்தார்கள். திரும்பும்போது கோழி வண்டிக்குள் சீட்டு சீட்டாகப் போய்வந்தது.

இப்படியே சில நாள் ஓடியது. ஒருநாள் மலையேறும்போது, ஏலத்துக்கு நடுவில், வழி நிறுத்தத்தில் புளி விற்றுவிட்டு வந்த ஒரு அம்மா ஏறினார். "யாருக்குக் காசு?" என்று கேட்டார். கரியாலூரில் கை முடங்கிக் கிடக்கிற வெள்ளையனுக்கு என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, யாரும் கேட்காத விலையைக் கேட்டார். கோழியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தன் நிறுத்தம் வந்ததும் கோழியோடு இறங்கி நடந்தார்.

"யோவ், கோழி போவுது பாரு" என்று வண்டியே கத்தியது. அவர் ஏறுவதற்கு முன்பே நான் வழக்கத்தைச் சொல்லி முடித்திருந்தேன். அவருக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை, தெரிந்தேதான் கொண்டுபோகிறாரா? விசில் வாயிலேயே இருந்தது. அப்போது பாபு முன்கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நீங்கள் பார்ப்பீர்களே, அதே பார்வை. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் ரைட் கொடுத்தேன்.

அடுத்த நாள் அதே நிறுத்தத்தில் அந்த அம்மா நின்றார். கையில் கோழி இல்லை. ஒரு தூக்குச்சட்டி இருந்தது.

"கோழி எங்கம்மா?"

"இதுலதான் கீது. கருக்கல்லியே அறுத்து ரசம் வெச்சேன். மொளகு ஜாஸ்தியா இடிச்சிப் போட்டேன். கை மொடக்கத்துக்கு நல்லது. சீக்காளிக்குத்தான ஏலம் வுட்ட? சூடு ஆறாம குடுத்துடு."

அண்ணே, என் புத்தியைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். வெள்ளையனிடம் கொடுக்குமுன் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். யாரோ வைத்தது, எப்படி நம்புவது? குடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகு என்று பாபுவிடம் சொன்னேன். மிளகு மட்டும் இல்லை.

வெள்ளையன் அண்ணன் சட்டியை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். "மொதல்ல நீ குடிச்சத பாத்துக்கினுதான் இருந்தேன் கண்டக்டரே" என்றார். "வெசம் இல்லியே?"

திரும்பும்போது வண்டியில் எல்லோரும் கோழி எங்கே என்றார்கள். வெள்ளையன் வயிற்றில் என்றேன். கொஞ்ச நேரம் ஒரே சிரிப்பு. பிறகு அந்தக் கடலை வியாபாரிதான், முதல் நாள் என்னைக் கேள்வி கேட்டவர், எழுந்து சொன்னார்: "அந்தக் காலித் தூக்க வுடு ஏலத்துக்கு. நான் கேக்கறேன்." கேட்டார், எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாவின் நிறுத்தம் வருவதற்குள் காலிச் சட்டி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. கழுவி அவரிடம் கொடுத்தேன். அடுத்த ஊசி நிச்சயம்.

அதற்கடுத்த ஊசிக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். வெள்ளையன் அண்ணன் தன் விரலால் டம்ளரைப் பிடித்து, தன் கையால் டீ ஆற்றி என்னிடம் நீட்டுகிற வரை இந்த வண்டியில் ஏதாவது ஒன்று ஏலம் போய்க்கொண்டேதான் இருக்கும். அன்றைக்கு இரண்டு டீ வாங்குவேன். உங்களுடையதில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று நானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன்.

கண்ணாடியில் உங்களைத் தேடிக்கொண்டே பின்படிக்கட்டில் நிற்கும்
உங்கள் தம்பி
ஏழுமலை