நான் அழித்த முக்கோணம்

மகளே,

நீ கேளாமலே எழுதத் துணிந்ததைப் பொறுத்தருள வேண்டுகிறேன். உன் அம்மாவை மணந்து இவ்வீட்டுக்கு வந்த இந்த எட்டு மாதத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

சோறு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. சாப்பிடாமல் போக வேண்டாம்.

ஒரு மையப் புள்ளியிலிருந்து 'மைனஸ் இரண்டு' மடங்கு பெரிதாக்கி வீட்டில் வரையத் தந்த தேர்வுத்தாளில் நீ வரைந்த முக்கோணம் தலைகீழாக நிற்கக் கண்டு, உதவுவதாக எண்ணி, உன்னிடம் சொல்லாமலே அழித்து நிமிர்த்தி வரைந்தேன். என் தையற்கடையில் சட்டையைப் பெரிதாக்கினால் கழுத்து கீழே போவதில்லையே! முந்தாநாள் அந்தக் கணக்குக்குச் சுழியோடு தாள் திரும்பியது.

"யாரு உங்களத் தொடச் சொன்னா? மைனஸ் ரெண்டுன்னா அந்தப் பக்கம் தலைகீழாத்தான் விழும்!" என்றாய்.

"தப்பையும் பண்ணிட்டு வாய் வேறயா?" என்றேன்.

நேற்றுக் கடை மேசையில் மையத்துக்கு ஒரு குண்டூசி குத்தினேன். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் நூலை ஊசி வழியே இழுத்து, மறுபக்கம் இருமடங்கு தூரத்தில் புள்ளி வைத்தேன். பெரிதாகி, தலைகீழாகவே விழுந்தது. நீ சொன்னதே சரி.

பிழை என்னுடையது என்று ஆசிரியைக்கு எழுதிய கடிதம் சோற்றுப் பாத்திரத்தின் அடியில் உள்ளது. இன்று பத்து மணிக்குள் கொடுத்தால் மறுபடி வரைய விடுவார்களாம். தவறினால் கணிதப் பிரிவில் இடமில்லையாம். தயவுசெய்து எடுத்துச் செல்.

பி.கு.: சாவி ஆணியில் உள்ளது.

(இடமின்றி ஓரத்தில் எழுதுகிறேன்.) என்னால் போனவை: ஒரு முக்கோணம், ஆறு மதிப்பெண், இரண்டு நாள் பேச்சு, சென்ற மாதம்தான் நீ கூப்பிடத் தொடங்கிய 'அப்பா'.