அடித்த வரியின் கீழே

இறைவன் துணை

பிப்ரவரி 5

உருவம் கடந்து எங்கும் நிறைந்து, கருவறையின் இருளிலும் கண்ணுறங்காது காவல் நிற்கும் பெருங்கருணையே, இக்கடிதம் சென்று சேரும் இல்லத்தைக் காத்தருள்க.

செல்வ மகள் குருவிக்கு, அப்பா ஆசி கூறி எழுதுவது.

இங்கு நலம். உன் நலமும், மாப்பிள்ளையின் நலமும், வயிற்றில் வளரும் செல்வத்தின் நலமும் அறிய ஆவல்.

நான் அனுப்பிய பொட்டலம் இரண்டாம் முறையாகத் திரும்பி வந்துவிட்டது. குழந்தைக்கு உறுத்தாமல் இருக்கட்டும் என்று பழைய பருத்தித் துணிகளைத் துவைத்து, மடித்து, தைத்து அனுப்பியிருந்தேன். "வீடு பூட்டியிருந்தது" என்று அதன் தலையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தபால்காரர் அதை என் கையில் கொடுத்து, என் செவியருகே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "ஐயா, உங்க பொண்ணு வீட்ல யாருமே இருக்க மாட்டாங்களா? இந்தப் பொட்டலம் உங்களவிட அதிகமா ஊர் சுத்துது!"

அச்சகத்து இயந்திரங்கள் என் காதுகளை வாங்கிக்கொண்ட நாள்முதல் தொலைபேசி எனக்கு ஒரு மேசைப்பொருள்தான் என்பதை நீ அறிவாய். கடிதம் ஒன்றே எனக்குச் செவி. அந்தச் செவிக்கும் நீ எதையும் சொல்வதில்லை. சென்ற மாதம் வந்த உன் அஞ்சலட்டையில், காட்சிக் கோபுரத்தின் உச்சியில் நின்றோம், படகில் போனோம் என்று இரண்டே வரிகள். மகளே, எட்டாம் மாதத்தில் கோபுரம் எதற்கு? ஒருமுறை கைநழுவிப் போன செல்வம் மறுபடி நம் வாசலுக்கு வருகிறது. வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா?

நாள்தோறும் விடியலில் விளக்கின் முன் அமர்ந்து உங்கள் மூவருக்காகவும் துதி பாடுகிறேன். என் குரல் எனக்கே மண்டைக்குள் மட்டும்தான் கேட்கிறது. கேட்க வேண்டியவனுக்குக் கேட்டால் போதும். நான் எப்போது புறப்பட்டு வரலாம் என்று உடனே எழுது.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு, குருவி வணக்கத்துடன் எழுதுவது.

பொட்டலத்தை மறுபடி அனுப்பாதீர்கள், அப்பா. தபால்காரர் பாவம்.

நாங்கள் சுற்றுவது உண்மைதான். நான் கண்ணாடிக் கடையில் நாள் முழுதும் பிறர் கண்களை அளந்துவிட்டு வெளியே வந்தால், அவர் தம் கருவிப் பையோடு வாசலில் நிற்பார். "இன்னிக்கு எங்க?" என்பதுதான் முதல் பேச்சு. சனிக்கிழமை மீன் காட்சியகம். ஞாயிற்றுக்கிழமை விமான நிலைய வேலியோரம் நின்று விமானங்கள் இறங்குவதைப் பார்த்தோம். ஒருநாள் கட்டில் கடைக்குப் போய், வாங்காமலே எல்லாக் கட்டில்களிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தோம். நேற்று ஒரு பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமலே திரும்பினோம். நடத்துநருக்குக் குழப்பம்.

"எங்கம்மா எறங்கணும்?"

"எங்கயும் இல்லண்ணே."

"அப்புறம் எதுக்கு ஏறுனீங்க?"

உங்கள் மாப்பிள்ளை இருக்கிறாரே, சும்மா இருப்பாரா? "உக்கார எடம் நல்லாருந்துச்சு" என்றார். இந்தப் பிள்ளை பிறந்ததும் அழாதாம், டிக்கெட்தான் கேட்குமாம். இதுவும் அவர் சொன்னதுதான்.

கோபுரத்துக் கதையையும் எழுதிவிடுகிறேன். அங்குள்ள லிப்டைப் பழுதுபார்ப்பவர் அவர்தான். உச்சியில் காற்று வாங்கிவிட்டு இறங்கும்போது நடுவழியில் பெட்டி நின்றுவிட்டது. எங்களோடு வயதான தம்பதியர் இருந்தார்கள்.

"ஏங்க, இது நீங்க பாக்குற லிப்ட்தானே?" என்றேன்.

"ஆமா. போன வாரம்தான் பாத்தேன்."

"நல்லா பாத்தீங்க!"

அந்தப் பெரியவர் இவர் தோளைத் தட்டி, "தம்பி, நீ பாத்த வரைக்கும் போதும். இனிமே கை வெச்சிடாதப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பெட்டி அசையாமல் நின்றிருந்த கொஞ்ச நேரத்தில் என் கைகள் சில்லிட்டுவிட்டன. சும்மா உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது, அப்பா. அதனால்தான் சுற்றுகிறோம். நடக்கலாம், போகலாம் என்று மருத்துவரும் சொல்லியிருக்கிறார்.

சின்ன அறையை இன்னும் திறக்கவில்லை. அதற்கு நேரம் இருக்கிறது. நீங்கள் வரும் தேதியைப் பிறகு எழுதுகிறேன். இப்போது வந்தால் பொட்டலத்தைப் போல நீங்களும் திரும்பிப் போக வேண்டியிருக்கும்!

உங்கள்
குருவி


இறைவன் துணை

பிப்ரவரி 16

அலையும் மனத்தை அமர்த்தி ஆட்கொள்ளும் ஐயனே, என் மகளுக்கு நிலைபேறு அருள்க.

செல்வ மகளுக்கு, அப்பா ஆசி கூறி எழுதுவது.

உன் கடிதம் கண்டு சிரித்தேன், பிறகு வருந்தினேன். வழக்கம்போல அதைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ பள்ளிச் சுற்றுலாவிலிருந்து எழுதிய முதல் கடிதம் தொட்டு, என் சிவப்பு மை படாமல் உன் கடிதம் எதுவும் உன்னிடம் திரும்பியதில்லை. "அப்பா, இந்த முறை எத்தன தப்பு?" என்று கேட்டுக்கொண்டே உறையைப் பிரிப்பாய். வாழ்நாள் முழுதும் அச்சகத்தில் பிழை திருத்தி மெய்ப்புப் பார்த்த கை, மகளின் எழுத்தென்று விட்டுவிடுமா?

இம்முறை பிழைகள் குறைவு. ஒரு வரியை மட்டும் முழுதாக அடித்திருக்கிறேன். "சும்மா உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது" என்னும் வரி. ஒரு தாயின் கடிதத்தில் இடம்பெறத் தக்கதன்று அது. அஞ்சுகின்ற சொல்லை எழுதி எழுதி வளர்க்கலாகாது. அதனிடத்தில் "இறைவன் காப்பான்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அதையே நாளும் சொல்லிக்கொள்.

ஊர் சுற்றியது போதும். மார்ச் முதல் நாள் நான் வருகிறேன். சின்ன அறையை நானே திறந்து, துடைத்து, ஒழுங்கு செய்கிறேன். நீ அங்கே அமைதியாகப் படுத்திரு. மற்றவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 21

அப்பாவுக்கு,

திருத்திய கடிதம் வந்தது. நீங்கள் அடித்த அந்த வரிதான் அதில் இருந்த ஒரே செய்தி. மற்றதெல்லாம் ஊர் சுற்றிய கதை.

சென்ற முறை எல்லோரும் சொன்னபடியேதான் இருந்தேன். மருத்துவர் சொன்னார். நீங்கள் எழுதினீர்கள். எதிர்வீட்டு அக்கா தினமும் வந்து, "அசையாதம்மா, அசையவே அசையாத" என்றார். அசையவில்லை. சின்ன அறையில், அவர் மஞ்சள் வண்ணம் அடித்து முடித்திருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே வாரக்கணக்கில் படுத்திருந்தேன். ஒரு மதியம் விழித்தபோதுதான், உள்ளேயும் ஒன்றும் அசையவில்லையே என்று தோன்றியது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. சுமந்தவளுக்குத் தெரியாது, அப்பா. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது உட்கார்ந்தால் என் காது உள்ளே போய்விடுகிறது. அசைந்ததா, அசைந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அசைந்தால் மனம் ஆறுகிறது. அடுத்த மூச்சில் மறுபடி கேட்கத் தொடங்குகிறது. கண்ணை மூடவும் துணிவில்லை. அவர் என்னை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைவது உல்லாசத்துக்கு என்றா நினைத்தீர்கள்? பேருந்தின் குலுக்கலில், கூட்டத்தின் இரைச்சலில் நான் கொஞ்சம் மறக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்தவர் அவர். வேலை முடிந்து கால் வலியோடு வந்தும், "இன்னிக்கு எங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்.

உங்கள் காதுகள் ஓய்ந்துவிட்டன. ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

மார்ச் முதல் நாள் வராதீர்கள். அந்த அறையைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
மகள்


இறைவன் துணை

பிப்ரவரி 25

மகளே,

இன்று விளக்கின் முன் அமர்ந்தேன். பாடல் பாதியில் நின்றது. நீ உறங்குவதில்லை என்று தெரிந்தபின் என் வாய்க்கு அடுத்த அடி வரவில்லை. எழுந்து வந்து இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தைத் திருத்தவில்லை. சிவப்பு மைப் பேனாவை மூடி மேசையின் உள்ளே வைத்துவிட்டேன்.

"இறைவன் காப்பான்" என்பதை இன்றும் நம்புகிறேன். ஆனால் அவன் எவ்வாறு காக்கிறான் என்பதை நான் தவறாக எண்ணியிருந்தேன். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பவனை அனுப்பியிருக்கிறான். நானோ அவனை ஊர்சுற்றி என்றேன். உன் அம்மா இருந்திருந்தால் எனக்குமுன் இதைக் கண்டிருப்பாள்.

அச்சகத்தில் ஒரு முறை உண்டு. மெய்ப்பில் தவறுதலாக அடித்துவிட்ட வரியை மீட்க வேண்டுமென்றால், அதன் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவோம். அடித்தவனே புள்ளி வைக்க வேண்டும். வேறொருவர் வைத்தால் அச்சுக் கோப்பவர் ஏற்கமாட்டார். காகிதம் இப்போது உன்னிடம் இருக்கிறது. சினத்தில் கிழித்திருந்தாலும் குறை சொல்லமாட்டேன்.

உன் வீட்டுக்கு வரவில்லை. உன்னை உட்காரச் சொல்லவும் வரவில்லை. நீங்கள் போகும் இடத்துக்கு என்னையும் அழைத்துப் போகமுடியுமா? ஒரு டிக்கெட் கூடுதலாக எடுத்தால் போதும். நேற்றே கடைக்குப் போய் நடப்பதற்கேற்ற காலணி வாங்கிவிட்டேன். கடைக்காரர் என் காதில், "தாத்தா, ஓட்டப்பந்தயமா?" என்று கத்தினார். ஆமாம், மகளுக்குப் பின்னால் என்றேன்.

நீ மறுத்தால் அதுவும் சரியே. காலணி காத்திருக்கும்.

அப்பா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிறு காலை வண்டிக்கு வாருங்கள். அவர் நிலையத்துக்கு வருவார். வீட்டுக்கு வராமல் நேரே ஏரிப் படகுத்துறைக்குப் போகிறோம். டிக்கெட் மூன்று.

"மாமாவ லிப்ட்ல மட்டும் ஏத்திடாத. என் வேலைக்கும் செவப்பு மையில கோடு போட்டுடுவாரு" என்று உங்கள் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று சொல்கிறார்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை.

குருவி


இறைவன் துணை

மார்ச் 20

இருளில் காத்ததை ஒளியில் தந்த பேரருளே, உன் கொடைக்கு என் தலை தாழ்கிறது.

செல்வ மகள் குருவிக்கும், நேற்று இவ்வுலகம் கண்ட பேத்திக்கும், அப்பாவும் தாத்தாவும் ஆனவன் எழுதுவது.

மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதென்று செவிலியர் என்னிடம் கையால் கதவைக் காட்டினார். அங்கிருந்தாலும் நீ மெல்லப் பேசுவது எனக்குக் கேட்கப்போவதில்லை. ஆகவே மாப்பிள்ளையிடம் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஏரிப் படகில் நீ உறங்கிவிட்டதால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று படகில் நாம் பேசியது உனக்கு நினைவிருக்கும். அச்சகத்தில் இரைச்சல் மிகும்போது இயந்திரத்தின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, அது சீராக ஓடுகிறதா என்று அறிவோம் என்றேன். நீ என் கையைப் பற்றி உன் வயிற்றின்மேல் வைத்தாய். உன் உதட்டசைவைப் படித்தேன்.

"அப்பா, அசையுதா?"

"அசையுதும்மா. நல்லா ஒதைக்குது. நீ தூங்கு."

"நின்னா எழுப்புவீங்களா?"

"எழுப்புவேன்."

அதற்குமேல் நடந்தது நீ அறியாதது. மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்தாய். வாய் சற்றே திறந்திருந்தது, சிறுவயதில் போலவே. படகு ஒரு சுற்று முடித்துத் துறைக்கு வந்தது. மாப்பிள்ளை படகோட்டியிடம் குனிந்து பேசினார். பிறகு கேட்டபோது, தாம் சொன்னதை என் காதில் கத்தினார்: "இன்னொரு சுத்து போங்கண்ணே, வீட்டுக்காரி தூங்குறா." மறுபடி துறை, மறுபடி ஒரு சுற்று. நான்காம் சுற்றில் படகோட்டி, "ஏம்ப்பா, இது படகா, தொட்டிலா?" என்றாராம். ஆனாலும் துடுப்பைத் தண்ணீரில் ஓசையில்லாமல் இறக்கினார். நான் ஒருமுறையும் கையை எடுக்கவில்லை. ஒருமுறை குழந்தை நெடுநேரம் அசையாதிருந்தது. உன்னை எழுப்பிவிடலாமா என்று எண்ணி முடிக்குமுன் ஓர் உதை. நீ ஒவ்வொரு நாளும் எங்கே குடியிருந்தாய் என்பதை அப்போதுதான் அறிந்தேன். என் வாழ்நாளில் பாடிய துதிகள் அனைத்தையும்விட அந்த ஏரியில் நான் வாய்திறவாது இருந்ததே பெரிய வழிபாடென்று கருதுகிறேன்.

உங்களைத் தேடித் திரிந்த பொட்டலத்தை இம்முறை நானே சுமந்து வந்தேன் அல்லவா? அத்துணியில்தான் உன் மகளை இன்று சுற்றியிருக்கிறார்கள். அவள் அழுவது எனக்குக் கேட்கவில்லை. முதுகில் கை வைத்தேன், நன்றாகவே அழுகிறாள்.

சின்ன அறையை மாப்பிள்ளைதான் திறந்தார். நீ சொல்லியனுப்பியதாகச் சொன்னார். வாசலில் சிறிது நேரம் நின்றார், நானும் நின்றேன். பிறகு இருவரும் சன்னலைத் திறந்து தரையைத் துடைத்தோம். சுவரின் மஞ்சளை அப்படியே விட்டிருக்கிறோம். அதை மாற்றுவதும் வைத்துக்கொள்வதும் உன் விருப்பம். நீ சொன்னபடி உன் கடிதம் சமையலறை அலமாரியில் இருந்தது. அடித்த வரியின் கீழே, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை புள்ளிகள் வைத்தேன். ஓரத்தில் இருந்த "இறைவன் காப்பான்" என்பதை மாற்றவில்லை. அதன் பக்கத்தில் "இருக்கட்டும்" என்று எழுதினேன். எழுத்து கோணல்தான், நீ வேண்டுமானால் திருத்தலாம்.

இனியும் உன் காது ஓயாது என்பதை அறிவேன். தொட்டிலருகே குனிந்து மூச்சைக் கேட்பாய். கண் சொருகும்போது என்னை எழுப்பு. தோளைத் தொட்டால் போதும்; உன் மகளின் முதுகில் என் கை இருக்கும்.

மகளே, நீயும், உன்னோடு நடந்து தேய்ந்த அந்தக் கால்களும், புதிதாய் வந்த சின்னக் கால்களும் நெடிது வாழ்க. இவ்வரிகளை வாசிக்கும் கண்கள் யாருடையவாயினும், அவை அச்சமின்றி மூடி உறங்கும் இல்லம் அவர்களுக்கு வாய்க்க. அவ்வில்லத்தில் எப்போதும் ஒருவர் விழித்திருக்க.

ஆசிகளுடன்,
அப்பா