தங்கம்மாள் சொல்லாத பெயர்

3 மார்ச், திங்கள்

முதியோர் பராமரிப்பு மேலாளர் ஆகப் போகிறேனாம். வகுப்பு நடப்பது ஜங்ஷன் ரோட்டில் ஒரு கடையின் மாடியில். கீழே வாஷ்பேசினும் கக்கூஸ் பேசினும் விற்கிறார்கள், மேலே சர்டிபிகேட். பதினாறு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் குப்பை கொட்டிய எனக்கு இன்று குருமூர்த்தி சார் கைகழுவக் கற்றுக்கொடுத்தார். குழாயில் தண்ணீர் இல்லை. வெறுங்கையைத் தேய்த்துக் காட்டினார். நாங்களும் தேய்த்தோம்.

அந்தக் காகிதம் இல்லாவிட்டால் சாகும்வரை நைட் டியூட்டிதான். அதனால் போகிறேன்.

5 மார்ச்

"முதியோரைக் குழந்தையா நினைக்கணும்." சார் வாக்கு. இவரை இன்னும் எந்தக் கிழவியும் கிள்ளவில்லை போல.

10 மார்ச், திங்கள்

செய்முறைக்கு ஆளுக்கொரு வீடு. எனக்குத் தங்கம்மாள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, ஒரே மகன் பாண்டியன் துபாயில். அம்மா தனியாக இருக்கலாமா, பாண்டிச்சேரியில் ஏதாவது ஹோமில் சேர்க்கணுமா என்று எங்கள் நிலையத்திடம் கேட்டிருக்கிறான். நாங்கள் போடும் மதிப்பெண்தான் தீர்ப்பு. மகாராஜா அங்கிருந்தே தெரிந்துகொள்வார்.

சாரும் கூட வந்தார். கேள்வியெல்லாம் செல்போன் ஆப்பில். தங்கம்மாள் கிழமை சொன்னார். நூறிலிருந்து பின்னால் எண்ணினார். சாரின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்று கேட்காமலேயே சொன்னார். "உங்க வீட்டுக்காரர் பேரு?" என்றதும் வாயை மூடிக்கொண்டார். சரி, இது எந்த ஊர் என்றேன்.

"நம்மூருதான்."

"ஊரு பேரு சொல்லுங்கம்மா."

"ரயிலு ஜங்ஷன் இருக்குற ஊரு. போதுமா?"

சுவரில் மாலை போட்ட படம், கீழே பெயர்: விருத்தாசலம். எனக்கு விளங்கிவிட்டது. புருஷன் பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்று. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த ஊரின் பெயரை அவர் வாயால் சொன்னதே கிடையாது. பஸ்ஸில்கூட ஜங்ஷன் என்றுதான் டிக்கெட் கேட்பாராம்.

சாரிடம் சொன்னேன். "தெரியும்மா. எங்கம்மாவும்தான் அப்பா பேரச் சொல்லாது. ஆப்புல சரி, தப்பு ரெண்டுதான இருக்குது, நான் என்ன பண்றது?" என்று 'தப்பு'வை இரண்டு தடவை அமுக்கினார். தெரிந்தே! தூ.

12 மார்ச்

ரிப்போர்ட் மகனுக்குப் போய்விட்டது. 'நினைவிழப்பு — நடுத்தரம்.' போன் பண்ணினேன்.

"அப்பா பேரையே மறந்துட்டாங்களா!" என்று அழுகிறான். அம்மா வாயிலிருந்து அந்தப் பெயரை ஒருநாளாவது கேட்டிருக்கிறாயாடா, மடையா? நாகரிகமாகத்தான் எடுத்துச் சொன்னேன்.

"நீங்க இன்னும் டிரெய்னிங்லதான இருக்கீங்க சிஸ்டர்? சர்டிபிகேட் வாங்கிட்டுப் பேசுங்க."

அடுத்த வாரம் மறுபடி சோதனை. அதிலும் இப்படியே வந்தால் ஹோம்தான், காருக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டான்.

14 மார்ச்

தங்கம்மாள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். "ஒரே ஒரு தடவ சொல்லிடுங்கம்மா. இல்லன்னா வூட்ட வுட்டுக் கிளப்பிடுவாங்க."

"ஏம்மா நர்சு, அவரு செத்த அன்னிக்குக்கூட நான் பேரச் சொல்லி அழுவல. ஒன் செல்லுக்குச் சொல்லணுமா?"

விடவில்லை நான். கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில், ஹோமில் எட்டுப் பேருக்கு ஒரே கக்கூஸ் என்று பயமுறுத்தினேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. அவருக்கு வூடு தங்கணும்னா வேற என்னதான் வழி? சொல்லுங்கள், மாதாவே!

19 மார்ச், புதன்

சொல்லிவிட்டார். வீடியோ காலில் மகன், பக்கத்தில் சார். "விருத்தாசலம்" என்றார். ஊருக்கு ஒரு தடவை, புருஷனுக்கு ஒரு தடவை. குரல் நடுங்கவே இல்லை. முழு மதிப்பெண். "சூப்பர்ம்மா!" என்று கைதட்டினான் அந்தப் பிள்ளை. ஹோம் கிடையாது, வீட்டிலேயே இருக்கலாம்.

சார் போனதும் தங்கம்மாள் கொல்லைப்பக்கம் போய் வாய் கொப்பளித்தார். கொப்பளித்துக்கொண்டே இருந்தார். காபி போடட்டுமா என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

31 மே, சனி

சர்டிபிகேட் விழா. முதல் மாணவி நான். என் கேஸ்தான் பேனரில்: 'எங்கள் பயிற்சியால் நினைவு மீண்ட மூதாட்டி'. பச்சைப் பொய். ஆனாலும் மேடையேறிப் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன். இந்தக் கூட்டத்தில் நான் மட்டும் என்ன உசத்தி?

16 ஜூன், திங்கள்

மேலாளராக முதல் விசிட். "அந்த சிஸ்டரையே அனுப்புங்க" என்று பாண்டியன் கேட்டானாம். தங்கம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முன்னைவிடத் தெளிவாக இருந்தார். கேட்டைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தாம்மா, உபகாரமேரி. நர்சு."

நிமிர்ந்து, என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"அப்பிடி யாரும் எனக்கு ஞாபகம் இல்லீங்களே."

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

ஆப்பில் முதல் கேள்வி: பராமரிப்பாளரை அடையாளம் தெரிகிறதா? 'சரி'யை அமுக்கிவிட்டு வந்துவிட்டேன்.