சில்லுக்கடை அண்ணாச்சி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மூடாக்கு. மழை இல்லை. நேற்றுப் பெய்ததில் தெருவெல்லாம் கரிசல் குழைந்து கிடக்கிறது. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் செருப்பில் அப்பி இரண்டு காலும் கனம். வாட்ச்மேன்: "எக்கா, மண்ணை வெளியவே தட்டிட்டு வாங்க. மொதலாளி கத்துதாவ."

வடக்கே போகிற தீப்பெட்டி லோடு இன்று அதிகம். பில் போட்டே முதுகு போயிற்று.

மொட்டைமாடியில் நானே செய்து வைத்த மழைமானியில் நேற்றைய மழை பதிவாகவே இல்லை. மழை பிடிக்கிற ஊறுகாய் ஜாடிக்குள் எறும்பு. கழற்றித் துடைத்துக் கொண்டிருந்தபோது கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா துணி எடுக்க வந்தார்.

"ஏட்டி, இந்த ஜாடியை எதுக்கு இங்கன கட்டி வச்சிருக்க?"

"மழைய அளக்க."

"மழைய அளந்து என்னட்டி செய்யப் போற?"

எறும்பைத் தட்டிவிட்டு ஜாடியை மறுபடி கட்டினேன்.

செய்ய வேண்டியது: கேஸ் புக்கிங். கொசுவத்தி. திருப்பூர் அண்ணனுக்கு போன் (அவனாகப் பண்ண மாட்டான்).

சாயங்காலம் சில்லுக்கடை. இன்றைக்கு முழுக்க வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான். கோயம்புத்தூர் மூர்த்தி நடத்தும் சின்ன இணையக் குழு, அவ்வளவுதான். ஈயத்தை உருக்கி வயர் ஒட்டும் சால்டரிங், கேமரா, மீன்தொட்டி என்று ஆளுக்கொரு கிறுக்கு. எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பகுதி இருந்தாலும் 'வெட்டிப்பேச்சு' பகுதியில்தான் கூட்டம். கூட்டம் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர்.

பாளையங்கோட்டை சாலமன் எழுதியிருந்தான்: "அண்ணாச்சி, மதுரையில வேலை கிடைச்சிட்டு! ஞாயித்துக்கெழம காலை வண்டி. கோவில்பட்டியில ரெண்டு நிமிஷம் நிக்கும்லா. உங்க மழைமானிக்கு ஒரு டிஸ்ப்ளே வாங்கி வச்சிருக்கேன். பெட்டி நம்பர் சொல்லுதேன், வாசல்லயே நிப்பேன், வந்து வாங்கிக்கிடுங்க. உங்களையும் நேர்ல பாத்தாப்புல இருக்கும்."

கீழே மூர்த்தி: "அண்ணாச்சியை யாருமே பார்த்ததில்லை. மீசை எவ்வளவு பெருசுன்னு பார்த்துச் சொல்லு சாலமன்."

அண்ணாச்சி நான்தான்.

இன்னும் பதில் போடவில்லை.

நவம்பர் 5, புதன்

தூறல். ஜாடியில் கொஞ்சம் விழுந்தது, பதிவாயிற்று. சந்தோஷம்.

நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை. அதை இங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். 'கரிசல்' என்று பெயர் வைத்துக்கொண்டு சேர்ந்தேன். முதல் நாளே எவனோ, "கரிசல்னா கோவில்பட்டிப் பக்கமா? வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றான். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பழையதையெல்லாம் இன்று ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து வாசித்தேன். ஆம்பளை என்று ஒரு வரி இல்லை. பொம்பளை என்றும் இல்லை. வந்தேன், போனேன், விரலைச் சுட்டுக்கிட்டேன். தமிழில் 'நான்' என்று எழுதுகிற வரைக்கும் ஆணா பெண்ணா என்று சொல்லவே வேண்டியதில்லை. இது பெரிய வசதி.

அதற்கு முன்னால் வேறு ஒரு குழுவில் சொந்தப் பெயரில் இருந்தேன். ரெசிஸ்டர் பற்றி ஒரு கேள்விதான் கேட்டேன். "ஹாய்", "சாப்டாச்சா", "போட்டோ இல்லையா". கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

இங்கே அப்படி இல்லை. "ஏலே, ஈயத்தை இப்படியா கொட்டுவ? சாம்பார் ஊத்தின மாதிரி இருக்கு" என்று நான் திட்டினால், "சரி அண்ணாச்சி, மறுபடி செய்யுதேன்" என்பார்கள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து பில் போட உட்கார்ந்தவளுக்கு இது போதாதா?

சாலமன் விஷயம் வேறு. போன வருஷம் அவன் அப்பா இறந்தபோது தனியாக எனக்கு எழுத ஆரம்பித்தான். மாதக்கணக்கில். ஆபீஸ் விட்டு வந்து காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அவன் செய்தி வந்திருக்கும். என் அம்மா போனபோது எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் லேசாயிற்று. சொந்தத் தம்பி இருந்தால்கூட இவ்வளவு பேசியிருப்பானா தெரியாது.

அவனிடம் சொல்லத்தான் வேண்டும். போனில் எழுதினால் நன்றாக இருக்காது. நேரில் சொல்லிவிடலாம். முகத்தைப் பார்த்தால் அவனே சிரித்துவிடுவான்.

பதில் போட்டேன்: "வாரேம்ல."

நவம்பர் 8, சனி

நல்ல வெயில். மண் காய்ந்து தெரு முழுக்க வெடிப்பு விட ஆரம்பித்திருக்கிறது.

கடலைமிட்டாய் வாங்கினேன். ஸ்டேஷனிலேயே விற்பார்கள், ஆனாலும் பஜார் கடையில் போய் புதிதாகப் போட்டதைக் கேட்டு வாங்கினேன். சாலமனுக்கு ஒன்று, அவன் ரூமில் இருக்கப் போகிறவர்களுக்கு ஒன்று.

சேலையா சுடிதாரா? சுடிதார் என்றால் சின்னப் பிள்ளை வேஷம் என்று தோன்றும். சேலை என்றால் டீச்சர் மாதிரி. நீலச் சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன். வீட்டுக்காரம்மா கண்ணில் பட்டுவிட்டது.

"என்னட்டி, பொண்ணு பாக்க வருதாவளா?"

"நாப்பத்து மூணு வயசுல யாரும்மா வரப் போறா?"

"அதுக்குச் சொல்லலட்டி" என்று அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், கேலிக்குக் கேட்டார். நான்தான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். "சாலமன், நான்தாம்ல அண்ணாச்சி." சிரிப்பு வந்தது. இன்னொரு தடவை சொன்னேன். சரியாக வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்!

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டி சொன்ன நேரத்துக்கே வந்தது. அவன் சொன்ன பெட்டி எனக்கு நேராகவே வந்து நின்றது. வாசலில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட பையன். கையில் அட்டைப் பெட்டி. இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, அந்தப் பக்கம், இந்தப் பக்கம், வேட்டி கட்டினவர், மீசை வைத்தவர், எல்லாரையும் பார்த்தான். டீ விற்கிறவரைக்கூட ஒரு மாதிரி நம்பிக்கையோடு பார்த்தான். நான் மட்டும் கண்ணில் படவில்லை.

"சாலமன்" என்றேன்.

திரும்பினான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "மதினியா? அண்ணாச்சி வரலியா மதினி?"

சொல்லிப் பார்த்த வசனம் முழுக்கத் தொண்டையில் இருந்தது. வாய், "இல்ல. அவியளுக்கு அவசர வேலை" என்றது.

அவிய. கல்யாணம் ஆனவர்கள் புருஷனைச் சொல்லுவார்களே, பெயரைச் சொல்லாமல், அதே இழுப்பு. எங்கிருந்து வந்ததோ எனக்கு. ஆயுசில் முதல் தடவை.

அவன் முகம் சுண்டிப் போயிற்று. பெட்டியை என் கையில் கொடுத்தான். நான் கடலைமிட்டாயைக் கொடுத்தேன். பிறகு அவன் என் கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மதினி, அவியட்ட ஒண்ணு சொல்லணும். நேர்ல கையைப் புடிச்சிச் சொல்லணும்னு இருந்தேன். அப்பா போனப்ப வீட்டுல அழ முடியல. அம்மாவைப் பாக்கணும், தங்கச்சியைப் பாக்கணும். அவியட்டதான் அழுதேன். அவிய இல்லாட்டி நான் இந்த வேலைக்கெல்லாம் வந்திருக்க மாட்டேன், எங்கயாவது விழுந்து கெடந்திருப்பேன். நீங்க சொல்லிருங்க மதினி. மறந்துராதீங்க."

"சொல்லுதேன்" என்றேன்.

வண்டி நகர்ந்தது. ஓடி ஏறினான். வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன்.

எனக்கு வந்த நன்றியை யாருக்கோ சேர்க்க வேண்டியதாக வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்தேன். ஆட்டோக்காரர், "என்னம்மா, ஊருக்கு ஏத்தி விட்டியளா?" என்றார். ஆமாம் என்று சொல்லி அழுதேன்.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி மூடாக்கு. டிஸ்ப்ளேயை இன்னும் பிரிக்கவில்லை.

சில்லுக்கடையில் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

சாலமன்: "அண்ணாச்சி ஏமாத்திட்டாவ, வரல. ஆனா மதினியைப் பாத்தேன். தங்கமான மனுஷி. பேச்சே இல்ல, கண்ணு மட்டும் கலங்குது."

கீழே ஆளாளுக்கு: "கல்யாணம் ஆனதையே சொல்லலையே அண்ணாச்சி! பெரிய ஆளுதான்."

"இப்பத்தான் தெரியுது ஏன் மொட்டைமாடியில உக்காந்து சால்டர் பண்றார்னு. மதினி வீட்டுக்குள்ள விடல."

"மதினி கையால ஒரு நாள் சாப்பாடு. எல்லாரும் கிளம்பி வர்றோம்."

மூர்த்தி: "மதினிக்கு என் வணக்கம்."

முதலில் சிரித்தேன், நிஜமாகவே. எனக்கு நானே பெண்டாட்டி. வீட்டுக்குள் சால்டர் பண்ணக் கூடாது என்று என்னை நானே விரட்டியிருக்கிறேன். பிறகு ஒருத்தன், "பிள்ளைங்க எத்தனை அண்ணாச்சி? என்ன படிக்குதாங்க?" என்று கேட்டிருந்தான்.

அதில் கை நின்றுவிட்டது. நல்ல மனசோடு கேட்கிறான். ஒன்று, இரண்டு என்று எதையாவது தட்டினால் முடிந்தது. ஒரு நிமிஷம் தட்டவும் நினைத்தேன். பெண் ஒன்று, பத்தாவது படிக்கிறாள் என்று. பெயர்கூடத் தோன்றிவிட்டது. அப்போதுதான் பயமாகிவிட்டது.

மூடி வைத்தேன். உப்புமா. பாதி மிச்சம்.

நவம்பர் 11, செவ்வாய்

மத்தியானம் மழை, நல்ல மழை. ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

வந்ததும் காபிகூடப் போடாமல் எழுதினேன். வெட்டிப்பேச்சில், எல்லாரும் பார்க்க:

"என் பேர் முருகலட்சுமி. கல்யாணம் ஆகலை, பிள்ளைங்க இல்லை. மதினின்னு யாரும் கிடையாது. ஸ்டேஷன்ல நின்னது நான். அண்ணாச்சியும் நான்தான். சாலமன், உன்கிட்ட நேர்ல சொல்லத்தான் வந்தேன். வாய் வரலை. மன்னிச்சிரு."

அனுப்பினேன். மாடிக்குப் போய் ஜாடியைப் பார்த்தேன். நிறைந்து வழிந்திருந்தது. பேட்டரி தீர்ந்து ஒன்றும் பதிவாகவில்லை.

நவம்பர் 13, வியாழன்

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூர்த்தி: "மன்னிக்கணும் மேடம். தெரியாம மீசை அது இதுன்னு கிண்டல் பண்ணிட்டோம்."

இன்னொருவர்: "தங்கள் வழிகாட்டுதல் தொடர வேண்டும் மேடம்."

மேடம், மேடம், மேடம். முந்தாநாள் வரை "அண்ணாச்சி ஒரு ஓட்டை டப்பா" என்று எழுதினவன், "தங்கள்" என்கிறான். ஒருத்தனுக்கு ஈயம் சாம்பார் மாதிரி இருக்கிறது என்று இன்று வழக்கம்போல எழுதினேன். "நன்றி மேடம்" என்றான். அவ்வளவுதான். வெட்டிப்பேச்சில் இரண்டு நாளாக யாரும் வெட்டியாகப் பேசவில்லை. பெரிய மனுஷர் வந்த கல்யாண வீட்டில் எல்லாரும் எழுந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

தனியாக ஒரு செய்தி. பேட்டரி விஷயத்தில் இரண்டு வருஷமாக என்னோடு மல்லுக்கு நின்ற ஆள். "ஹாய் லட்சுமி. சாப்டாச்சா?"

சீ.

அங்கே இருக்கிற மற்றவர்களில் யார் யாரோ என்று இப்போது தோன்றுகிறது. என்னைப் போல ஒருத்தி 'அண்ணன்' என்று உட்கார்ந்திருந்தாலும் இருப்பாள். இருந்தால் இதைப் பார்த்துவிட்டு இனி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டாள்.

சாலமன் ஒன்றும் எழுதவில்லை. பார்த்திருக்கிறான், அது தெரிகிறது. மற்றவர்கள் எப்படிப் போனாலும் போகட்டும். அவன் ஒருத்தன் போய்விட்டால் எனக்குத் தாங்காது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அதுதான் நிஜம்.

நவம்பர் 14, வெள்ளி

திருப்பூர் அண்ணன் போனை எடுக்கவில்லை. கேஸ் வந்தது. வீட்டுக்காரம்மா முறுக்கு கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். "மொகம் ஏம்ட்டி இப்படிக் கெடக்கு? ஒடம்புக்கு எதுவும் செய்யுதா?" இல்லை என்றேன். "சொன்னாத்தான தெரியும்" என்று முனகிக்கொண்டே இறங்கினார்.

நவம்பர் 15, சனி

தூறல். ஆபீஸ் அரை நாள்.

பேருந்திலிருந்து இறங்கும்போது போன் அதிர்ந்தது. சாலமன். தெருவில் வாசிக்கப் பயந்து, வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"கோவம் வந்துச்சு. அதான் எழுதல. நீங்க பொம்பளைங்கதுக்காக இல்ல. ரெண்டு நிமிஷம் இருந்துச்சே, அங்கனயே சொல்லியிருக்கலாம்லா. நான் கிறுக்கன் மாதிரி உங்ககிட்டயே உங்களுக்குச் சொல்லச் சொல்லிட்டு வந்திருக்கேன். அப்பா போனப்ப எழுதினதையெல்லாம் மறுபடி எடுத்து வாசிச்சேன். அண்ணாச்சின்னு ஒரு ஆளை மனசுல வச்சிக்கிட்டு அழுதது. பெரிய மீசை, வெள்ள வேட்டி, அப்பா சாயல்ல ஒரு ஆளு. அந்த ஆளு இல்லவே இல்லன்னா, நான் அன்னைக்கு யார்கிட்ட அழுதேன்னு இப்ப எனக்குத் தெரியல."

செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பதில் தட்டினேன். தரையெல்லாம் கரிசல். மன்னிப்பு என்று ஆரம்பித்து அழித்தேன். 'தம்பி' என்று ஆரம்பித்து அழித்தேன். 'நீங்க' போட்டு ஒன்று எழுதினேன், மேடம் மாதிரியே இருந்தது, அதையும் அழித்தேன்.

பிறகு இதை எழுதி, திருப்பி வாசிக்காமல் அனுப்பினேன்:

"ஏலே, என்கிட்டதான் அழுத."